பார்த்தவர் கையொப்பம்

பியூலாவுக்குக் கடைவாய்ப் பற்கள் சேர்ந்து கடிக்கும், முன்பற்கள் சேராது. மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவில் நாலு மில்லிமீட்டர் இடைவெளி. வாயை மூடியிருந்தால் அது வெளியே தெரியாது. அதனால் அவள் பெரும்பாலும் வாயை மூடியே இருந்தாள்.

குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் லேப் உதவியாளர் வேலை. பியூரெட்டுகளைக் கழுவுவது, கரைசல் தயாரிப்பது, லேபிள் ஒட்டுவது. பேச்சு அதிகம் தேவைப்படாத வேலை. எப்போதாவது பேச வேண்டி வந்தால் 'சோடியம் சல்பேட்' என்பது 'தோடியம் தல்பேட்' என்று நாக்கு நுனியோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். பிளஸ் டூ பெண்கள் அதை ஒரு பாட்டாகவே கட்டி வைத்திருந்தார்கள். அவள் பாட்டில்களில் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு, யார் கேட்டாலும் கையால் காட்டப் பழகிக்கொண்டாள்.

இருபத்துநாலு வயதில், அம்மா உயிரோடு இருந்தபோது, ஒருமுறை கம்பி கட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்துக் கழற்றிய அன்று பற்கள் அழகாகச் சேர்ந்திருந்தன. அம்மா அவளை வாசல் வெளிச்சத்துக்கு அழைத்துப்போய்க் கன்னத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் பழையபடி திறந்துகொண்டன. அம்மாவும் அதற்குள் போய்விட்டாள்.

இப்போது முப்பத்திரண்டு வயது. தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரத்தில், மேற்குத் தாம்பரத்தில் மருந்துக்கடை மாடியில் இருந்த டாக்டர் யக்ஞநாராயணனிடம் தானாகவே போனாள். மறுபடியும் கம்பி போடச் சொல்லிக் கேட்டாள்.

டாக்டர் அவள் வாயைப் பார்க்கும் முன் ஒரு வேலை செய்தார். ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து அவள் வாயில் விட்டு, கீழுதட்டைக் கட்டைவிரலால் மெல்ல இறக்கிப் பிடித்துக்கொண்டு, "முழுங்குங்கோ" என்றார். விழுங்கினாள்.

"இதான் விஷயம்" என்றார். "உங்க நாக்கு முன்னாடி வந்து பல்லைத் தள்றது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை முழுங்கறோம் தெரியுமா? ஆயிரத்துக்குக் குறையாது. சும்மா இருக்கிற நேரத்திலயும் அது பல் மேலயே சாஞ்சுண்டு கிடக்கு. ராஜஸ்தான்லேருந்து பளிங்கு கொண்டுவந்து வெச்சாக்கூட நகர்ந்துடும். போன தடவை போட்ட கம்பி மேல தப்பே இல்லை."

"மறுபடி போட்டா?"

"மறுபடி திறந்துக்கும். நான் உங்களை ஏமாத்தின மாதிரி ஆயிடும். முதல்ல நாக்கைத் திருத்தணும். மூணு மாசம் பார்ப்பேன். மாறலைன்னா கம்பி கிடையாது. கோவிச்சுக்கப்படாது."

மேல்பல்லுக்குப் பின்னால், ஈறு மேடாக இருக்கும் இடத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டினார். நாக்கு நுனி இனிமேல் எந்நேரமும் அங்கேதான் இருக்க வேண்டும். மிளகளவு ரப்பர் வளையம் ஒன்றை நாக்கு நுனியில் வைத்து, அதை அந்த இடத்தில் அழுத்திக்கொண்டு, கடைவாயைக் கடித்து, உதட்டை மூடி விழுங்க வேண்டும். தினம் மூன்று வேளை. அப்புறம் நாக்கை அண்ணத்தில் ஒட்டிச் சொடுக்குப் போடுவது. கடைசியாகச் சாப்பாடு. ஒவ்வொரு கவளத்தையும் அதே முறையில் விழுங்க வேண்டும்.

"இது தனியா செய்யற காரியமில்லை" என்று ஒரு அட்டையை நீட்டினார். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட அட்டை. "ராத்திரிச் சாப்பாட்டுக்கு எதிர்ல ஒருத்தர் உக்காந்து பார்க்கணும். நாக்கு எட்டிப் பார்த்தா சொல்லணும். நமக்குத் தெரியாமதானே அது வர்றது! பார்த்தவர் கடைசிக் கட்டத்துல கையெழுத்துப் போடணும். வீட்ல யார் இருக்கா?"

"அண்ணி" என்றாள் பியூலா.

அண்ணி பேபியும் அண்ணன் ஏசுபாதமும் அனகாபுத்தூரில் அம்மாவின் வீட்டில் இருந்தார்கள். மூன்று குழந்தைகள், இரண்டு அறை. பியூலா அஸ்தினாபுரத்தில் ஒரு மாடி அறையில் வாடகைக்குத் தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். ஆனால் 'யாரும் இல்லை' என்று ஒரு டாக்டரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கே கடைத்தெருவில் ஒரு கண்ணாடி வாங்கினாள். நிமிர்த்தி வைக்கிற மாதிரி பின்னால் கம்பிக் கால் உள்ளது. எதிரே அதை வைத்து, அதில் தெரிகிற முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டாள். சோதனை செய்யும்போது காட்டும் அதே கவனம். ஒரு கவளம், மெல்லுதல், நாக்கை மேலே வைத்தல், விழுங்குதல், நிறுத்திப் பார்த்தல். நாலாம் நாள் தவறுகள் குறைந்தன. பத்தாம் நாள் ஒன்றுகூட இல்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் வேறு பேனாவை எடுத்து, எழுத்தை இடதுபக்கம் சாய்த்து, 'பேபி' என்று கையெழுத்துப் போட்டாள். ஆறு வாரம். நாற்பத்திரண்டு பேபிகள்.

ஜூலை கடைசியில் டாக்டரிடம் போனபோது ரப்பர் வளையம், சொடுக்கு எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு. டாக்டருக்கு உற்சாகமாகிவிட்டது. எழுந்துபோய் மூலையிலிருந்த மண்பானையில் சொம்பால் தண்ணீர் மொண்டு, அண்ணாந்து கடகடவென்று குடித்துவிட்டு வந்தார். பள்ளியைப் பற்றி, பிளஸ் டூ ரிசல்ட் பற்றி ஏதோ பேச்சுக் கொடுத்தார். பேச்சின் நடுவில் சட்டென்று அவள் வாயில் சிரிஞ்சால் தண்ணீர் விட்டார்.

நாக்கு முன்னால் வந்தது. அவளுக்கே தெரிந்தது.

டாக்டர் அட்டையை எடுத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். "பரீட்சைன்னா ஒழுங்கா எழுதறது. மத்த நேரத்துல பழைய வேலையைப் பார்த்துண்டிருக்கு. நடுவுல எங்கேயோ கெட்டுப்போறது. உங்க அண்ணி எதிர்லதானே உக்கார்றா?"

"ஆமா டாக்டர்."

"பக்கத்துல இல்லையே?"

"எதிர்லதான்."

"ஒரு நாள் அவாளை அழைச்சுண்டு வாங்கோ. என்ன பார்க்கறாள்னு நான் கேக்கணும். இந்தாங்கோ, புது அட்டை. இன்னும் ஆறு வாரம்தான். அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

பஸ்ஸில் வரும்போது, அழுகை வந்தாலும் அதையும் விழுங்கத்தானே வேண்டும் என்று நினைத்து, நாக்கை மேலே வைத்துக்கொண்டு விழுங்கினாள்.

வீட்டு வாசலில் அடிபம்புக்குப் பக்கத்தில் சாமுண்டீஸ்வரி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். வீட்டுக்காரர் முனிரத்தினத்தின் மனைவி. ஐம்பதைத் தாண்டியவள். அவர்கள் பயிர் வைத்த நிலமெல்லாம் இப்போது மனைகளாகி, அதில் வீடுகள் எழும்பியிருந்தன. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இத்தனை பெரிய வீட்டில் அவளும் அவரும்தான்.

"இன்னாம்மா டீச்சர், ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே?"

லேபில் வேலை செய்கிறவள் டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவளுக்கு டீச்சர்தான்.

"கேளுங்கக்கா."

"நீ கண்ணாடிய எதிர்ல வெச்சிகினு சாப்டுறியே, எதுனா வேண்டுதலா? தொட்டில தண்ணி கீதான்னு பாக்க மேல வந்தேன். ஜன்னல் தொறந்து இருந்துது. ஒரு வாய் துன்ற, நிறுத்துற, உன் மூஞ்சிய நீயே முறைக்கிற. எனக்கு பக்குனு ஆயிடுச்சு. உங்க சர்ச்சுல அப்படி எதுனா கீதா?"

பியூலா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மீன் செதில் ஒட்டிய கையோடு சாமுண்டீஸ்வரி எழுந்து நின்றாள். பியூலா எல்லாவற்றையும் சொன்னாள். பேபி கையெழுத்தையும் சேர்த்துத்தான்.

"நாக்குக்கு டியூஷனா!" என்றாள் சாமுண்டீஸ்வரி. "இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ஊர்ல அவனவன் அடுத்தவன் வாயத்தான் பார்த்துகினு கீறான். நான் பாக்குறேன். எங்க வூட்டுக்காரரு ஏழு மணிக்கே துன்னுட்டு டிவி முன்னாடி உக்காந்துடுவாரு. அப்பால நான் ஒண்டியாதான் சாப்டுறேன். தட்ட எடுத்துகினு வா."

அன்று மாலை ஏழரை மணிக்குப் பியூலா தன் தட்டோடு கீழே போனாள். சமையலறைத் தரையில் இருவரும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். சாமுண்டீஸ்வரி தன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டாளே தவிர, கை வைக்கவில்லை. இடுப்பில் கையை ஊன்றி, தலையைச் சாய்த்து, கபடி ஆட்டத்தில் கோட்டைப் பார்க்கிறவன் மாதிரி பியூலாவின் உதட்டையே பார்த்தாள்.

"வர்ல. அடுத்தது. வர்ல. ஏம்மா, நல்லாதானே முழுங்குற? அந்த டாக்டருக்குக் கண்ணு தெரியுமா?"

பாதிச் சாப்பாட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி முன்னால் தள்ளினாள். பியூலா டம்ளரை எடுத்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, டம்ளரை உயர்த்தி, உதட்டில் படாமல் தண்ணீரை வாய்க்குள் ஊற்றிக்கொண்டாள்.

"தோ! தோ வந்துச்சு!"

பியூலாவுக்குப் புரையேறியது.

"இன்னொருக்கா குடி. ... தோ! யம்மா, கோபுரத்துல பூதம் நீட்டிகினு கீற மாதிரி வருது. துன்றப்போ உள்ள கீது. தண்ணி குடிக்கச் சொல்ல வெளிய வருது. ஒவ்வொரு மொடக்குக்கும் வருது."

டம்ளர் பியூலாவின் கையில் அப்படியே நின்றது. ஆறு வாரமாக ஒவ்வொரு கவளத்தையும் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். தண்ணீர் குடிக்கும்போது மட்டும் பார்த்ததில்லை. பார்க்க முடியாது, தலை பின்னால் சாய்ந்திருக்கும், கண் விட்டத்தில் இருக்கும். வாய் திறந்தபடி மடக்கு மடக்காக விழுங்க வேண்டுமென்றால் நாக்கு முன்னால் வந்துதான் ஆக வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து டம்ளரா, பன்னிரண்டா? ஸ்டாஃப் ரூம் பானையில், லேபில், அறையில். சாப்பாட்டில் கற்றுக்கொடுத்ததை எல்லாம் தண்ணீர் அழித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"அப்ப வாய் வெச்சு குடி" என்றாள் சாமுண்டீஸ்வரி, அதிலென்ன இருக்கிறது என்பது போல.

பியூலாவின் அம்மா இந்தப் பக்கத்து வீடுகளில் பாத்திரம் தேய்த்தவள். எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் டம்ளரில் வாய் வைக்காதே என்று பேச்சு வரும் வயதிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். 'நாம குடிச்ச டம்ளரை அவங்க தனியா கழுவுற சத்தம் நம்ம காதுல விழக் கூடாது' என்பாள். நல்ல பழக்கம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தன் சொந்த அறையில், தன் சொந்த டம்ளரிலும் பியூலா உதடு வைத்ததில்லை.

"நான் மேல போய் என் டம்ளரை எடுத்துட்டு வரேங்கா."

"அட, உக்காரு. வாய் வெச்சா டம்ளர் கரஞ்சா பூடும்?"

உதட்டில் பட்ட விளிம்பு சில்லென்று இருந்தது. ஒரு வாய் உறிஞ்சினாள். நாக்கு நுனியை மேலே வைத்தாள். உதடு மூடியிருந்தது. விழுங்கினாள்.

சாமுண்டீஸ்வரி குனிந்து பார்த்தாள். "வர்ல" என்றாள். "இன்னொரு வாய். வர்ல!"

அட்டையை வாங்கி, பேனாவை முழுக்கையால் பிடித்து, நாலு கட்டத்தை அடைத்துக்கொண்டு தன் பெயரை எழுதினாள். அவள் பெயர் ஒரு கட்டத்தில் அடங்குகிற பெயர் இல்லை.

மாடிப்படி ஏறும்போது பியூலா வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே ஒரு படியில் நின்றாள். கீழே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. தட்டு, கரண்டி, டம்ளர். எது எதோடு சேர்ந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம்.

மறுநாள் காலை கதவைத் திறந்தபோது மேல்படியில் அந்த எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அவள் அதைத் தாண்டி இறங்கிப் பள்ளிக்குப் போனாள். பள்ளி விட்டதும் தாம்பரத்துக்குப் பஸ் ஏறினாள். டாக்டரிடம் இரண்டு விஷயங்களைச் சொன்னாள். அண்ணி என்று எதிரே யாரும் உட்கார்ந்ததில்லை, அது ஒன்று. தண்ணீர் இன்னொன்று. டாக்டர் அப்போதுதான் பானையிலிருந்து சொம்பை மொண்டு தூக்கியிருந்தார். சொம்பு தலைக்கு மேலே நின்றது.

"அண்ணாந்தா குடிக்கிறேள்?"

"ஆமா டாக்டர். எப்பவுமே."

அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "இதுல இல்லையே" என்றார். "எப்படி இருக்கும்? அங்கே எல்லாரும் வாய் வெச்சுத்தான் குடிக்கிறா. எனக்காவது தோணியிருக்கணும். எங்காத்துல எச்சல் பண்ணினா எங்கம்மா முதுகுத் தோலை உரிச்சுடுவா. எட்டு வருஷமா இந்தப் பயிற்சியைக் கொடுக்கிறேன், ஒருத்தரையும் எப்படித் தண்ணி குடிக்கிறேள்னு கேட்டதில்லை." புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "இனிமே ஒரு மடக்குக்கூட அண்ணாந்து கூடாது. யார் கண்டுபிடிச்சா?" என்றார்.

"வீட்டுக்காரம்மா."

"அவாளையே விடாதீங்கோ. ஆறு வாரம்."

அன்று ஏழரைக்குப் பியூலா கீழே போகவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஏழே முக்காலுக்குக் கீழேயிருந்து குரல் வந்தது.

"டீச்சர்! சோறு ஆறுது. இன்னா, ஒரே நாள்ல நாக்கு பாஸாயிடுச்சா?"

பியூலா வெளியே வந்து படியின் உச்சியில் நின்றாள். சாமுண்டீஸ்வரி கீழே முதல் படியில் நின்றுகொண்டிருந்தாள். நடுவில் பதினாறு படிகள்.

பியூலாவுக்கு இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுப் பழக்கமில்லை. ஆனாலும் கேட்டாள். "டம்ளரை ஏன் மேல வச்சீங்கக்கா?"

சாமுண்டீஸ்வரி உள்ளே திரும்பி டிவி சத்தம் வரும் திசையை ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவரு பார்த்துட்டாரு. 'அதுக்குனு தனியா ஒண்ணு குட்த்துடு'ன்னாரு. முப்பது வருசத்துல அந்த ஆள் சொல்லி நான் மாத்திச் செஞ்சது இல்ல. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

சாமுண்டீஸ்வரி கையிலிருந்த கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"ஆறு டம்ளர் செட்டு அது. பெரியவ கல்யாணத்துல வந்துது. இப்ப அஞ்சாயிடுச்சு" என்றாள். அதுதான் பதிலா என்று அவளுக்கே தெரியாதது போல் இருந்தது. பிறகு குரலை உயர்த்தினாள். "தோ பாரு, உன் நாக்க பாக்குறேன்னு சொன்னேன். பாக்குறேன்னா பாக்குறேன். வூட்டுக்குள்ள வர்றதுக்கு உனக்கு இஷ்டம் இல்லாங்காட்டி வராத. தெனமும் மேல ஏறி வர எனக்கு முட்டி ஒத்துழைக்காது. பாதில எங்கனா உக்காரு."

கோபித்துக்கொண்டு மேலேயே இருந்துவிடலாம். அம்மாவாக இருந்தால் இருந்திருப்பாள். ஆனால் கோபப்படுவதற்கு எதிரே ஆள் தேவையில்லை, விழுங்குவதற்குத் தேவை. பியூலா உள்ளே போய்த் தன் தட்டையும் தன் சொந்த டம்ளரையும் எடுத்துக்கொண்டு ஏழு படி இறங்கி உட்கார்ந்தாள். சாமுண்டீஸ்வரி முட்டியைப் பிடித்துக்கொண்டு நாலு படி ஏறி உட்கார்ந்தாள். படிக்கட்டின் நாற்பது வாட் பல்பு இருவருக்கும் நடுவில் எரிந்தது. அந்த எவர்சில்வர் டம்ளர் மேல்படி மூலையில் கவிழ்ந்தபடியே கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

அப்படியே ஆறு வாரம் நடந்தது.

விழுங்குவதில் கவனம் வைக்க வேண்டியிருந்ததால் பியூலா சாப்பிடும்போது பேச மாட்டாள். சாமுண்டீஸ்வரி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். கூடுவாஞ்சேரியில் இருக்கும் பெரிய பெண் போனில் பேசினால் மூன்று நிமிஷத்தில் வைத்துவிடுகிறாள் என்பதை. நிலத்தை விற்ற அன்று முனிரத்தினம் ஒரு வார்த்தை பேசாமல் ஏர்க்கலப்பையைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்ததை. ஆறு தெரு தள்ளியிருக்கும் தங்கச்சியோடு ஒரு மாங்காய் மரத்துக்காகப் பேச்சு நின்றுபோனதை. நடுநடுவே "வந்துச்சு, தோ வந்துச்சு" என்பாள். போகப் போக அது குறைந்தது. மழை வந்தால் சுவரோரமாக நகர்ந்துகொண்டு, தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு பார்த்தாள்.

"இந்தப் பல்லு சேந்து நீ இன்னா பண்ணப் போற? கண்ணாலமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

பியூலா விழுங்கி முடித்துவிட்டுச் சொன்னாள். "இல்லக்கா. வாயைத் திறந்துட்டு இருக்கணும். அவ்வளவுதான்."

"அது சரி. வாய தொறந்துகினு நான் இருந்து இன்னாத்த கண்டேன்" என்றாள் சாமுண்டீஸ்வரி.

மூன்றாவது வாரத்தில், "என் பேர சொல்லு பாப்போம். எப்பப் பாரு அக்கா அக்கான்னுதான் சொல்ற" என்றாள்.

பியூலா அந்தப் பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதற்குக் காரணம் இருந்தது. சொன்னாள். தாமுண்டீத்வரி என்று வந்தது. சாமுண்டீஸ்வரி படி அதிரச் சிரித்தாள். உள்ளேயிருந்து முனிரத்தினம் இருமினார். ஐந்தாவது வாரத்தில் பெயர் முழுசாக, காற்றுக் கசியாமல் வந்தது. அன்று அவள் சிரிக்கவில்லை. "என் பேரு இவ்ளோ நல்லாவா கீது?" என்று கேட்டாள். "எங்கம்மா வெச்ச பேரு. இந்த வூட்ல கூப்புட ஆளில்ல. 'ஏய்'தான்."

செப்டம்பர் பாதியில் ஆறு வாரம் முடிந்தது. டாக்டர் யக்ஞநாராயணன் பானைக்குப் பக்கத்தில் நாலு கண்ணாடி டம்ளர் வாங்கி வைத்திருந்தார். ரப்பர் வளையம் பார்த்தார், சொடுக்கு பார்த்தார். ஒரு பிஸ்கட்டைத் தின்னச் சொல்லிப் பார்த்தார். கட்டத்துக்கு வெளியே வழிந்த கையெழுத்துகளைப் பார்த்துச் சிரித்தார்.

"கடைசியா தண்ணி. ஒரு வாய் எடுத்து வெச்சுக்கோங்கோ. நான் சொன்னதும் முழுங்கணும். சரியா வந்தா அட்டையை மூடிடலாம், அடுத்த வாரம் கம்பி. வரலைன்னா இன்னொரு ஆறு வாரம் தர்றேன். தண்ணி விஷயத்துல என் தப்பும் இருக்கு. அதே அம்மாவை எதிர்ல உக்கார வெச்சு இன்னொரு அட்டை."

பியூலா ஒரு வாய் எடுத்துக்கொண்டாள்.

இன்னொரு அட்டை. இன்னும் நாற்பத்திரண்டு கட்டங்கள். சின்னதாக ஒரு தள்ளு போதும். முப்பது வருஷம் தெரிந்த தள்ளுதான். அக்டோபர் முழுக்க, மழைக்காலம் தொடங்கும் வரை, தினமும் ஏழரை மணிக்கு அந்தப் பல்பு எரியும். கம்பி ஆறு வாரம் தள்ளிப்போகும். இத்தனை வருஷம் பொறுத்ததற்கு ஆறு வாரம் என்ன? வாய்க்குள் நடப்பது யாருக்குத் தெரியப்போகிறது? வாயிலிருந்த தண்ணீர் வெதுவெதுப்பாக மாறியது.

"ம்" என்றார் டாக்டர்.

அவள் விழுங்கவில்லை.

டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்னாச்சு? பயமா?"

நாக்கை முன்னால் கொண்டுவர வேண்டும் என்று அவள் நினைத்தாள். அப்படித்தான் முடிவு செய்துகொண்டிருந்தாள். அந்த முடிவுக்கு வந்து சேர்வதற்குள் தண்ணீர் போய்விட்டது. நாக்கு மேலேயே இருந்தது. உதடு அசையவில்லை.

"பிரமாதம்!" என்று டாக்டர் அட்டையின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, அதைத் தன் மேஜை டிராயருக்குள் போட்டார். "புதன்கிழமை வாங்கோ."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சானடோரியம் தாண்டும்போது, தன் நாக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். மேலே இருந்தது. அவள் வைக்கவில்லை.

அடிபம்படியில் சாமுண்டீஸ்வரி காத்துக்கொண்டிருந்தாள். "இன்னா சொன்னாரு?"

"முடிஞ்சதுக்கா. புதன்கிழமை கம்பி."

"பார்ரா! பாஸ் பண்ணிட்டியா!" ஈரக் கையால் பியூலாவின் தோளில் ஒரு அடி வைத்தாள். "அந்த அட்ட எங்க?"

"அவரே வச்சுக்கிட்டார்."

"என் கையெழுத்து எல்லாம் அங்கியே பூடுச்சா?" என்றாள். பம்பை அடித்துக்கொண்டே, "அப்பாடா. ஆறு வாரமா டிவில வெள்ளிக்கிழம பாட்டு ஒண்ணு பாக்கல நானு. இனிமேலாவது அந்த மனுசன் பக்கத்துல உக்காந்து பாக்கலாம்" என்றாள்.

அது விளையாட்டா, நிஜமா என்று பியூலாவுக்குப் பிடிபடவில்லை. "ஆமாக்கா, பாருங்க" என்றாள்.

குடத்தில் தண்ணீர் நிரம்பியது. சாமுண்டீஸ்வரி அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

ஏழரை மணிக்குப் பியூலா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு படியின் உச்சிக்கு வந்தாள். பல்பு எரியவில்லை. சுவிட்ச் கீழே, அவர்கள் பக்கத்தில் இருந்தது. உள்ளே டிவியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிடலாம். கூப்பிட்டால், என்ன என்று கேட்பாள். என்ன என்று கேட்டால் சொல்வதற்கு இன்றைக்கு ஒன்றும் இல்லை.

இருட்டில் ஏழு படி எண்ணி இறங்கி உட்கார்ந்தாள். ஒரு கவளம் எடுத்தாள்.

தட்டை வைத்த சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"யாரு படில?" உள்ளேயிருந்து சாமுண்டீஸ்வரியின் குரல்.

"நான்தாங்கா."

"இன்னா, இருட்டுல?"

"காத்து வருது. அதான்."

ஒரு நாற்காலி நகர்ந்தது. முனிரத்தினம் ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். செருப்பில்லாத கால் நாலைந்து எட்டு நடந்து வந்தது. சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது. பல்பு எரிந்தது.

பியூலா தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு கீழே பார்த்தாள். கால் சத்தம் அங்கேயே சற்று நின்றது. பிறகு உள்ளே திரும்பிப் போனது.

அவள் அந்த வெளிச்சத்திலேயே சாப்பிட்டு முடித்தாள்.